தேனீ கொட்டினால் மூட்டுவலி போகுமா?

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. தேனீயின் கொடுக்கில் அமிலம் இருக்கிறது, அதனால்தான் கொட்டிய இடத்தில் சமையல் சோடா தடவுகிறோம் என்று, இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் வரியை அன்றும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"டீச்சர், எங்க அப்பத்தாவுக்கு மூட்டுவலி. ஒருத்தர் வாராவாரம் டப்பாவுல தேனீ பிடிச்சிட்டு வந்து கையில கொட்ட வைக்கிறாரு. அமிலம் உள்ள போனா வலி கூடத்தானே செய்யணும்? அப்பத்தா வலி குறையுதுன்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் மூடநம்பிக்கை, உட்கார்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இடைவேளையில் மனம் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அப்பத்தாவுக்கு இருப்பது முடக்குவாதம் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்து, பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டு, தேனீக்கு மாறியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றதும்தான் எனக்குச் சுருக்கென்றது.

அன்று வகுப்பில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் தவறு என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. சோடா பற்றியதும் சரியில்லை. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்ததும் சரியில்லை. நம்மில் பலருக்கு இதே கேள்வி வகுப்பிலோ வீட்டிலோ வரக்கூடும் என்பதால் படித்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

கொடுக்கில் இருப்பது என்ன?

முதலில் அமிலக் கதையை முடித்துவிடுவோம். பார்மிக் அமிலம் எறும்புக்கு உரியது. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தார். பெயரே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தேனீ நஞ்சும் சற்று அமிலத்தன்மை உடையதே. அதன் pH மதிப்பு சுமார் 5. பால் கலக்காத காபியின் மதிப்பும் ஏறக்குறைய அதுவே. எலுமிச்சைச் சாறு இதைவிடப் பன்மடங்கு அமிலத்தன்மை கொண்டது. ஆகவே வலிக்குக் காரணம் அமிலம் அன்று. தவிர, நஞ்சு தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. தோலின் மேல் தடவும் சோடா அங்கே போய் எதையும் நடுநிலையாக்கப் போவதில்லை. நடுநிலையாக்கல் வினைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் வயிற்று அமிலத்துக்குத் தரும் மாத்திரையைச் சொல்லலாம். தேனீயை விட்டுவிடலாம்.

வலிக்கு முதன்மைக் காரணம் மெலிட்டின் என்ற சிறு புரதம். 26 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. உலர்ந்த தேனீ நஞ்சின் எடையில் ஏறக்குறையப் பாதி இதுதான். செல் சவ்வு இரட்டைக் கொழுப்பு அடுக்கால் ஆனது என்று உயிரியலில் நடத்துகிறோம் அல்லவா? மெலிட்டின் அந்த அடுக்கில் புகுந்து துளையிடுகிறது. சிவப்பணுவில் துளை விழுந்தால் ஹீமோகுளோபின் வெளியேறுகிறது. நரம்பு முனை தூண்டப்பட்டால் வலி. அடுத்து பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி, பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். இது சவ்வின் கொழுப்பை வெட்டுகிறது. மெலிட்டின் கதவைத் திறக்க, இது உள்ளே புகுந்து சுவரை இடிக்கிறது. ஹயலுரோனிடேஸ் என்ற மற்றொரு நொதி, செல்களுக்கு இடையே இருக்கும் பசை போன்ற பொருளைக் கரைத்து நஞ்சு பரவ வழி செய்கிறது. இவை தவிர நரம்பைத் தாக்கும் அபமின் (18 அமினோ அமிலங்கள்), உடலின் மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றும் எம்.சி.டி. பெப்டைடு (22 அமினோ அமிலங்கள்) ஆகியவையும் உண்டு. ஒரு கொட்டில் உள்ளே போகும் மொத்த நஞ்சு, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு சிறிய அளவில் இத்தனை வேலை!

கொட்டுவது வேலைக்காரத் தேனீதான். ராணிக்கும் கொடுக்கு உண்டு, ஆனால் அது முக்கியமாக மற்ற ராணிகளுக்கு எதிராகப் பயன்படுவது. ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. முட்டையிடும் உறுப்பு மாறியே கொடுக்கானது என்று சொன்னால் மாணவர்கள் காரணத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

நூற்று முப்பது ஆண்டுக் கதை

தேனீ வளர்ப்பவர்களுக்கு மூட்டுவலி வராது என்ற பேச்சு ஐரோப்பியக் கிராமங்களில் வெகுகாலமாக இருந்தது. அதை மருத்துவ இதழுக்குக் கொண்டுவந்தவர் பிலிப் டெர்ச் (1844–1917). இன்று ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோர் நகரில் மருத்துவராக இருந்தவர். தேனீக் கொட்டுக்கும் வாத நோய்க்கும் உள்ள விந்தையான தொடர்பு குறித்து 1888-இல் வியன்னா மருத்துவ இதழில் எழுதினார். அவர் பிறந்த மார்ச் 30-ஐத் தேனீ மருத்துவ ஆர்வலர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 1935-இல் போடோக் பெக் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நோயாளிகளைப் பார்த்தார்கள், கண்டதை எழுதினார்கள். ஆனால் கொட்டு வாங்காத நோயாளிகளை ஒரு குழுவாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றைய மருத்துவத்தில் வேரூன்றவில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்வது அவசியம். கவனித்தல் அறிவியலின் முதல் படி. முழு அறிவியல் அதற்கு மேலும் உள்ளது.

வீக்கம் தரும் நஞ்சு வீக்கத்தைக் குறைக்குமா?

மாணவன் கேட்டதன் சாரம் இதுதான். உண்மையிலேயே நல்ல கேள்வி. ஆய்வகங்களில் எலியின் பாதத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கிப் பார்ப்பதற்கே தேனீ நஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். அதே நஞ்சு அழற்சியைத் தணிக்கிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் மெய்.

1973-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றும் அதே எம்.சி.டி. பெப்டைடு, எலிகளில் செயற்கையாக உண்டாக்கிய அழற்சியைக் குறைத்தது என்பது செய்தி. 2004-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போனார்கள். செல்லின் உட்கருவுக்குச் சென்று அழற்சி மரபணுக்களை இயக்கிவிடும் என்.எஃப்.-கப்பா பி என்ற புரதத்தைப் பற்றி உயர் வகுப்பு எடுப்பவர்கள் படித்திருக்கலாம். அதன் ஒரு பகுதியான பி50-உடன் மெலிட்டின் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் அழற்சியைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தி குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். வீட்டில் உள்ள மின்விசிறி, விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான மெயின் சுவிட்ச் போல அந்தப் புரதத்தை எண்ணிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் உண்டு. நஞ்சு உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியில் அட்ரினல் சுரப்பி கார்டிசோலை அதிகம் சுரப்பது விலங்குகளில் பதிவாகியுள்ளது. கார்டிசோல் குடும்பத்தைச் சேர்ந்த கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்கு 1948-இல் முதன்முதலாகச் செலுத்திப் பார்த்த பிலிப் ஹென்ச், அதற்காக 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்பத்தாவின் வலி அன்றைக்குக் குறைந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஓர் இடத்து எரிச்சல் மற்றோர் இடத்து வலியை மறக்கச் செய்வதும் நாம் அறிந்ததே; தைலம் தேய்ப்பது அதனால்தானே.

ஆக, மாணவனிடம் "மூடநம்பிக்கை" என்று சொன்னது அவசரம். அளவு, செலுத்தும் இடம், எந்தக் கூறு, எந்த நிலையில் உள்ள உடல் என்பதைப் பொறுத்து ஒரே பொருள் எதிரெதிராக வேலை செய்யலாம். ஆனால் எலியில் கண்டது அப்பத்தாவுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

மனிதரில் சோதித்தால்

2014-இல், தேனீ நஞ்சு அக்குபங்சரால் முடக்குவாதம் குணமாகிறதா என்று வெளிவந்த எல்லா ஆய்வுகளையும் தேடித் தொகுத்த ஒரு மதிப்பாய்வு பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வெளியானது. அவர்கள் வகுத்த தரத்தில் தேறியது ஒரே ஓர் ஆய்வு. அதில் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. ஆனால் ஒற்றை ஆய்வை வைத்து முடிவு சொல்ல இயலாது என்று முடித்தார்கள். தண்டுவட மரப்பு நோய்க்கு நெதர்லாந்தில் 26 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட தேனீக் கொட்டு ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. அது வேறு நோய்தான். என்றாலும், "கொட்டு வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள்" என்ற பேச்சு அந்த நோய்க்கும் பல ஆண்டுகளாக இருந்துவந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இந்த ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரையைச் சோதிக்கும்போது ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரையும் கொடுக்கலாம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. தேனீ கொட்டினால்? கொட்டு வாங்கியவருக்குத் தெரியாமல் இருக்குமா? உப்புநீர் ஊசி போட்டவருக்கு வீக்கமும் இல்லை, அரிப்பும் இல்லை. நமக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர் என்று அவர் கண்டுகொள்வார். எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கக்கூடியது என்பதால் ஒப்பீடு கெட்டுப்போகிறது. இந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று என் மாணவர்களிடம் விட்டேன். "கொட்டு மாதிரியே வலிக்கிற வேற ஊசி போடலாம் டீச்சர்" என்றாள் ஒருத்தி. வீக்கமும் அரிப்பும் தரும் ஹிஸ்டமினைச் சிறிதளவு செலுத்தலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் வழி. அவள் சொன்னதும் அதுதான்.

இரண்டாவது சிக்கல், நோயின் இயல்பு. முடக்குவாதம் ஏறி இறங்கும் நோய். சில வாரம் வாட்டும், சில வாரம் தணியும். ஒருவர் எப்போது தேனீக்காரரைத் தேடிப் போவார்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் பெரும்பாலும் இறக்கம்தான். இடையில் என்ன செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும்.

இதை வகுப்பில் காட்ட ஒரு பகடை போதும். ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை உருட்டட்டும். விழுந்த எண்தான் அவருடைய இன்றைய வலி. 5 அல்லது 6 விழுந்தவர்கள் மட்டும் முன்னே வரட்டும். 40 பேர் வகுப்பில் சுமார் 13 பேர் வருவார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரின் கையில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் சிகிச்சை. மறுபாதிக்கு ஒன்றுமில்லை. மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். புள்ளி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருக்கும். வகுப்பே கைதட்டும். பிறகு மறுபாதியின் எண்களைப் பலகையில் எழுதுங்கள். அவர்களுக்கும் குறைந்திருக்கும்! முதலில் ஐந்தரையை ஒட்டியிருந்த இரு குழுவின் சராசரியும் மூன்றரையை நோக்கி இறங்கும். சிறு குழு என்பதால் சில நாள் எண்கள் முரண்டு பிடிக்கும். அப்போது ஏன் அதிகம் பேரைச் சேர்த்து ஆராய வேண்டும் என்ற அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். கணித ஆசிரியர் நிகழ்தகவு பாடத்துக்கும் இதை எடுத்துக்கொண்டார்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

2018-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார்கள். 55 வயதுப் பெண். தசை இறுக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை உயிருள்ள தேனீயால் கொட்டவைத்துக்கொண்டவர். இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஒருநாள் கொட்டியவுடன் மூச்சுத்திணறல், மயக்கம். பிழைக்கவில்லை.

"இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் இங்கே மிக ஆபத்தான வாக்கியம். ஒவ்வாமை முதல் கொட்டிலேயே வரவேண்டும் என்பதில்லை. முதலில் உடல் அந்தப் புரதத்தை அறிந்து ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது; அது மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது; பின்னொரு நாள் அதே நஞ்சு வரும்போது ஹிஸ்டமின் ஒரேயடியாக வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, தொண்டை அடைக்கிறது. இதைத்தான் அனாபிலாக்சிஸ் என்கிறோம். சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியரும் 1902-இல் கடல்வாழ் உயிரிகளின் நஞ்சைக் கொண்டு ஆராய்ந்தபோது இதைக் கண்டார்கள். முதல்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்துச் சிறிதளவு நஞ்சுக்கே இறந்தது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வாமை இல்லாத பெரியவருக்கு உயிராபத்து ஏற்படச் சில நூறு கொட்டுகள் வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்று போதும்.

ஒரு வேடிக்கை: தேனீ நஞ்சு இன்று உறுதியான சான்றுடன் மருந்தாகப் பயன்படுவது ஒவ்வாமைக்கே. சுத்திகரித்து அளந்த நஞ்சை மிகச் சிறு அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, சில ஆண்டுகள் செலுத்தி உடலைப் பழக்குகிறார்கள். இதன் பயன் 1978-இல் ஒப்பீட்டு ஆய்வில் நிறுவப்பட்டது. இதுவும் அவசரச் சிகிச்சை தயாராக உள்ள இடத்தில்தான் நடக்கும். டப்பாவில் தேனீயுடன் வருபவரிடம் அட்ரினலின் ஊசி இருக்காது.

பள்ளியில் நமக்குத் தேவையான செய்தி ஒன்று. கொட்டியபின் கொடுக்கும் நஞ்சுப்பையும் தோலிலேயே தங்கி, தொடர்ந்து நஞ்சை இறைத்துக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டி எடுக்கலாமா, பிடித்து இழுக்கலாமா என்று யோசித்து நிற்கவேண்டாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று 1996-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. குழந்தையை அந்த இடத்தைவிட்டு உடனே அழைத்துச் செல்லுங்கள். கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனையுள்ள ஓர் எச்சரிக்கைப் பொருள் வெளிப்பட்டு மற்றத் தேனீக்களை அழைக்கும். மலைத்தேனீ கலைந்தால் ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துவதே வழி. கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் குளிர்ந்த நீர் ஒத்தடம் போதும். உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், குரல் கம்முதல், வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

அப்பத்தா

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அப்பத்தா வந்திருந்தார். கைவிரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஒரேபோல் வீங்கியிருந்தன. வயதால் தேயும் மூட்டிலிருந்து முடக்குவாதம் வேறுபடுவது இங்கேதான். இது உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விரல் மடங்காது. விட்டுவைத்தால் எலும்பையே அரிக்கும்.

தேனீயைப் பற்றி நான் வாதாடவில்லை. "கொட்டுனா எப்படி இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு ராத்திரி சுகமா இருக்கும் டீச்சரம்மா. மறுபடி வந்துரும். போன ரெண்டு தடவையா உடம்பெல்லாம் தடிச்சு அரிக்குது. வெசம் எறங்குது, நல்லதுதான்னு சொன்னாரு."

கையில் கொட்டியதற்கு உடலெங்கும் தடிப்பு. ஸ்பெயின் பெண்ணின் கதையை அவரிடம் சொன்னேன். மாத்திரை ஏன் ஒரு மாதத்தில் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவருக்குக் கொடுத்திருந்தது மெத்தோட்ரெக்சேட். அது வலி மாத்திரை அன்று. நோயின் வேகத்தையே கட்டுப்படுத்துவது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை யாரேனும் நிதானமாகச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்கமாட்டார் என்று தோன்றியது.

அருகில் நின்ற பேரன் விடவில்லை. "அப்ப தேனீ விஷத்துல மருந்தே வராதா டீச்சர்?" வரலாம் என்றேன். பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் நஞ்சில், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கூறு 1960-களில் கண்டறியப்பட்டது. அதைப் பார்த்து வேதியியலாளர்கள் வடிவமைத்த கேப்டோப்ரில் 1981 முதல் மாத்திரையாகக் கிடைக்கிறது. "ஆனா யாரும் பாம்புக்கிட்ட போய்க் கடி வாங்குறதில்லையே" என்றான் அவனே.

மறுவாரம் அவனுடைய அப்பா அப்பத்தாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தடிப்பு வந்ததைக் கேட்ட மருத்துவர், இனி ஒரு தேனீகூடக் கிட்டே வரக்கூடாது என்று கண்டித்திருக்கிறார். இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள். மூன்றாம் மாதத்தில் காலையில் தேநீர்க் குவளையை ஒரு கையாலேயே பிடிக்கிறார் என்று செய்தி வந்தது.

அவன் இப்போது பத்தாம் வகுப்பு. மாத்திரை நாள் புதன்கிழமை. நாட்காட்டியில் ஒவ்வொரு புதனுக்கும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, போட்டதும் உள்ளே ஒரு டிக் அடிப்பது அவன் வேலை.